பட்டம் தப்பிப் பெய்யும் மழை: ஊரில் எப்படி எடுத்துச் சொல்வது?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் சம்பா சாகுபடி செய்கிறேன். எங்கள் உழவர் குழுவில் பருவநிலை மாற்றம் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்களோ, "புயலும் வறட்சியும் எப்ப இல்ல? காலகாலமா வர்றதுதான்" என்கிறார்கள். எதைச் சொன்னால் காதில் ஏறும்?

பதில்: ஐயா, பெரியவர்கள் சொல்வதை முதலில் மறுக்காதீர்கள். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை அடித்த புயலைப் பார்த்தவர்கள் அவர்கள். புயல் நமக்குப் புதிதல்ல என்பது உண்மைதான். அடுத்தடுத்து வந்தவற்றை வரிசையாக நினைவுபடுத்துங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தது. 2021 பொங்கலையொட்டியும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தது. "தை மாதம் மழை ஓய்ந்து வயல் காயும் காலம் என்றுதானே கணக்கு வைத்திருந்தோம்?" என்று கேட்டால் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

ஆனால் ஒரே ஒரு மழையைக் காட்டி, "இது பருவநிலை மாற்றத்தால்தான்" என்று அடித்துச் சொல்லாதீர்கள். மறு வருடம் பருவம் நன்றாக அமைந்தால் உங்கள் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். காரணத்தை நிதானமாகச் சொல்லுங்கள். நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால் வரும் புகையிலுள்ள கரியமில வாயு சேர்ந்து, 1850-1900 காலத்தைவிட 2011-2020க்குள் உலகத்தைச் சுமார் 1.1 டிகிரி சூடாக்கிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்கிறபோது கொட்டித் தீர்க்கிறது.

என்னைக் கேட்டால், பேச்சைவிட முக்கியம் ஊருக்கு ஒரு மழைமானி. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேராக நிற்கும் பாத்திரம் இருந்தாலே போதும். மரமும் சுவரும் இல்லாத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30க்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே விதைத்த தேதி, நட்ட தேதி, பூத்த தேதி, அறுத்த தேதி, மூட்டைக் கணக்கு எல்லாம் ஏறட்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 4 லட்சம் லிட்டர்! இந்தக் கணக்கைக் கூட்டத்தில் போட்டுக் காட்டிவிட்டு, அத்தனை தண்ணீரும் எந்த வடிகால் வழியாகப் போகும் என்று கேளுங்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த வடிகால் எல்லோர் கண்ணிலும் படும். ஐப்பசிக்கு முன்பே அதைச் சுத்தம் செய்ய ஆள் சேர்ந்தால், உங்கள் கூட்டம் பலித்தது என்பேன்.

ரகத்தைப் பற்றியும் கேட்பார்கள். சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் இளம்பயிராக இருக்கும்போது ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கினாலும் மீண்டு வரும். முற்றிய கதிரை அந்தக் குணம் காப்பாற்றாது, இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது 150 நாளுக்கு மேற்பட்ட ரகம் என்பதால் விதைப்பு தள்ளிப்போனால் அறுவடை மாசிக்குப் போய்விடும். தண்ணீர் தாமதமான வருடம் 130, 135 நாள் ரகத்துக்கு மாறுவது நல்லது. ஆளுக்கொரு ரகமாகச் சிதறினால் பூச்சி ஏறும், தண்ணீர் வடிப்பதும் சிரமம். ஒரே வாய்க்காலில் பாய்கிறவர்கள் ஒரே வயதுள்ள ரகத்துக்குப் பேசி முடிவெடுங்கள்.

வெயிலின் கதை வேறு. நெல் பூப்பது முற்பகலில். அந்த நேரம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். இரவும் புழுக்கமாக இருந்தால் பயிர் சேர்த்த மாவுச்சத்தைத் தானே செலவழித்துவிடும், மணி எடை குறையும். கோடையில் நெல் போடுபவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

"நாம என்ன செய்ய முடியும்? புகை விடறது வேற யாரோ" என்று ஒருவர் எழுந்து கேட்பார். கேள்வி நியாயம், பெரும்பங்கு நம்முடையதல்ல. ஆனாலும் எப்போதும் தண்ணீர் கட்டிய வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது, அதுவும் சூட்டைக் கூட்டும் வாயுதான். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டலாம். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, அதற்குள் தெரியும் தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயல் காயக்கூடாது. மீத்தேன் குறையும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும். ஆற்றுப் பாசனத்தின் கடைமடையில் முறைத்தண்ணீருக்குக் காத்திருப்பவரிடம் இதை வற்புறுத்த வேண்டாம்.

நடவுக்கும் களைக்கும் வரும் பெண்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். நண்பகல் வெயிலை உடம்பில் வாங்குவது அவர்கள்தான். வேலையை விடியலில் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன் முடிப்பது, வரப்போரம் நிழலும் குடிதண்ணீரும் வைப்பது பற்றி அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, சமையலும் முடித்த பிறகு வரக்கூடிய நேரமாகக் கூட்டத்தை வையுங்கள்.