அமெரிக்காவில் சிறுதொழில் செய்யும் லத்தீனோக்களுக்கு (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு) நடத்தும் பயிற்சிகளால் உண்மையில் பயன் உண்டா? அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பயன் உண்டு. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து கேட்கும் பாடத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். வகுப்பு முடிந்த பிறகு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்ப உதவுகிறாரே, பெரும்பகுதி பயன் அங்கேதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது கலிஃபோர்னியா நிலவரம். அதை வைத்தே சொல்கிறேன்.

நான் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கணக்காளராக இருக்கிறேன். வரி சீசனில், குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வரித் தாக்கல் செய்துகொடுக்கும் 'வீட்டா' மையம் ஒன்றில் தன்னார்வலராக உட்காருவது வழக்கம். அந்தப் பழக்கத்தில், ஸ்பானிஷ் மொழியில் சிறுதொழில் வகுப்பு நடத்தும் ஓர் அமைப்பு கணக்கு எழுதும் பாடத்துக்கு என்னைக் கூப்பிட்டது. என் ஸ்பானிஷ் சுமார்தான். எண்களை நான் பார்த்துக்கொள்வேன், பேச்சை அங்கிருக்கும் ஆலோசகர் பார்த்துக்கொள்வார்.

இந்த வகுப்புக்குத் தொழில் தெரியாமல் யாரும் வருவதில்லை. வீடு சுத்தம் செய்பவர்கள், தோட்ட வேலைக்காரர்கள், பெயின்டர்கள், வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், தெருவில் சாப்பாடு விற்பவர்கள் என்று பல வருடமாகச் சம்பாதித்துக்கொண்டிருப்பவர்கள்தான் வருகிறார்கள். எந்தத் தெருவில் எந்தக் கிழமை வியாபாரம் ஓடும், எந்த வாடிக்கையாளர் பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இல்லாதது காகிதம்தான்: உரிமம், சுகாதாரத் துறை அனுமதி, காப்பீடு, தனி வங்கிக் கணக்கு, லாப நஷ்டக் கணக்கு, கிரெடிட் ஸ்கோர்.

தமாலே விற்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, சோளத்தோகையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது தமாலே. அதை வீட்டில் செய்து விற்கச் சட்டம் சுலபமாக இடம் கொடுக்காது. 2013-இல் கலிஃபோர்னியாவில் அமலுக்கு வந்த வீட்டுத் தயாரிப்பு உணவுச் சட்டம் ரொட்டி, ஜாம் போலக் கெட்டுப்போகாத பண்டங்களுக்கு மட்டும்தான். வீட்டுச் சமையலறையையே சிறு உணவகமாக நடத்தலாம் என்று 2018-இல் இன்னொரு சட்டம் வந்தது, ஆனால் அந்தந்த கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். சரி, தெருவில் வண்டி போடலாமா? 2019 ஜனவரியிலிருந்து நடைபாதை வியாபாரத்தைக் குற்றமாக வழக்குப் போட முடியாது. அது பெரிய வெற்றிதான். ஆனால் சுகாதார விதிப்படி, வண்டியில் மூன்று தொட்டி கொண்ட பாத்திரம் கழுவும் சிங்க் வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு வண்டியைச் செய்தால் நடைபாதையில் நிறுத்தவே இடம் இருக்காது, விலையும் கட்டுப்படியாகாது. இதனால் சட்டம் வந்தும் அனுமதி வாங்க முடியாமல் பலர் நின்றார்கள். 2022-இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து அந்த விதிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது.

இதையெல்லாம் ஒருவர் தனியாக, அதுவும் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்வது எப்படி? இந்த இடத்தில்தான் சான் பிரான்சிஸ்கோ மிஷன் பகுதியில் இருக்கும் லா கொசினா மாதிரி அமைப்புகள் வருகின்றன. 2005-இல் தொடங்கியது. அனுமதி பெற்ற பெரிய சமையலறை ஒன்றை வைத்துக்கொண்டு, வருமானம் குறைந்த, பெரும்பாலும் குடியேறிய பெண்களுக்கு மலிவு வாடகையில் கொடுக்கிறார்கள். கூடவே விலை நிர்ணயம், லேபிள், காப்பீடு, சந்தையில் கடை போட இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கும். அங்கிருந்து கிளம்பிச் சொந்த உணவகம் வைத்தவர்கள் வளைகுடாப் பகுதியில் பலர். அதே பகுதியில் 1973-இலிருந்து இயங்கும் மெடா என்கிற மிஷன் எகனாமிக் டெவலப்மென்ட் ஏஜென்சி உணவுத் தொழில் மட்டுமில்லாமல் எல்லாத் தொழிலுக்கும் ஸ்பானிஷில் ஆலோசனை தருகிறது, சொந்தமாகக் கடன் பிரிவும் வைத்திருக்கிறது.

அடுத்தது என் பகுதி, வரி. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்கு 1996-இலிருந்து ஐ.ஆர்.எஸ். என்கிற மத்திய வரித் துறை 'ஐடின்' என்ற ஒன்பது இலக்க எண் கொடுக்கிறது, 9-இல் தொடங்கும். அதை வைத்து வரி கட்டலாம், தொழிலும் நடத்தலாம். இது தெரியாமலே பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு. சம்பளக்காரருக்கு முதலாளி பாதி கட்டும் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியைச் சுயதொழில் செய்பவர் முழுதாக, 15.3 சதவீதமாக, தானே கட்ட வேண்டும் என்றதும் வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். அதனால்தான் பெட்ரோல், சோப்பு, ஃபோன் பில் என்று செலவு ரசீதுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லி மன்றாடுகிறோம். அப்புறம் எல்.எல்.சி. மோகம், அதாவது தொழிலை வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனமாகப் பதிவு செய்வது. யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று முதல் வேலையாக எல்.எல்.சி. பதிவு செய்துவிட்டு வருவார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பைசா லாபம் இல்லாவிட்டாலும் எல்.எல்.சி.-க்கு வருடம் குறைந்தபட்சம் 800 டாலர் வரி உண்டு. வார இறுதியில் மட்டும் வீடு சுத்தம் செய்பவருக்கு அது எதற்கு? அந்தப் பணத்தில் முதலில் காப்பீடு எடுங்கள் என்பேன். இதை ஒத்துக்கொள்ளாத ஆலோசகர்களும் இருக்கிறார்கள். விவாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கடன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு உடனே புரிவது அதுதான். மெக்சிகோக்காரர்கள் 'தாந்தா' என்று ஒன்று நடத்துவார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதம் 100 டாலர் போட்டு, 1,000 டாலரை முறைவைத்து ஆளுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வது. ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. நம் ஊர் குலுக்கல் சீட்டு, அவ்வளவுதான். ஒரு தவணையும் தவறாமல் வருடக்கணக்கில் சீட்டுக் கட்டியவருக்கு வங்கியில் மதிப்பு பூஜ்யம், ஏனென்றால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. எச்-1பி-யில் வந்து இறங்கிய புதிதில் கிரெடிட் கார்டு கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இது ஓரளவு தெரியும், ஆனால் நம் கையில் சம்பளச் சீட்டாவது இருந்தது.

2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மிஷன் அசெட் ஃபண்ட் செய்த வேலை எளிமையானது. தாந்தாவை அப்படியே எடுத்து, ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு தவணையையும் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க ஆரம்பித்தார்கள். வட்டி இல்லை. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த சீட்டு இப்போது ஸ்கோராக மாறியது. அதை நடத்திய ஹோசே கின்யோனெஸுக்கு 2016-இல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் என்ற பெரிய விருது கிடைத்தது. அதற்கு முன்பே, 2014-இல், இப்படி 2,500 டாலருக்குள் வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் தொண்டு அமைப்புகளுக்குக் கலிஃபோர்னியா தனிச்சட்டம் போட்டு உரிம விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடந்த மிக நல்ல காரியம் இதுதான். மக்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் செய்துகொண்டிருந்ததை வங்கிக்குப் படிக்கத் தெரியும் மொழியில் எழுதிக்கொடுத்தார்கள்.

இப்படி ஸ்கோர் இல்லாதவர்கள் கடனுக்கு எங்கே போய் விழுகிறார்கள் தெரியுமா? 'மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ்' என்கிற நவீனத் தண்டலில். கடன் என்றே சொல்ல மாட்டார்கள், உங்கள் எதிர்கால விற்பனையை முன்கூட்டி வாங்குகிறோம் என்பார்கள். அப்படிச் சொல்வதால் வட்டி உச்சவரம்புச் சட்டங்களில் பெரும்பாலும் சிக்காது. 10,000 டாலர் கொடுத்துவிட்டு, '1.4 ஃபேக்டர்' என்று ஒரு வரி இருக்கும். 14,000 டாலரை ஆறு மாதத்துக்குள் தினம் தினம் வங்கிக் கணக்கிலிருந்து உருவிக்கொள்வார்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், வருட வட்டியாகக் கணக்குப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டும். ஒருவர் 40 சதவீதம் வட்டி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரோடு உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்டுக் காட்டியபோது அவருக்கு வந்த கோபம் நியாயமானது. இப்போது கலிஃபோர்னியாவில் வருட வட்டியை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது; படித்துச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். மாற்று வழியும் உண்டு. 1994 சட்டப்படி மத்திய அரசு ஆதரிக்கும் சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்கள் சிறு கடன் தருகின்றன, கீவா என்ற இணையவழிக் கடன் தளத்தில் பலரிடமிருந்து 15,000 டாலர் வரை வட்டியில்லாமல் திரட்டலாம்.

மற்ற ஊர்களிலும் இதே மாதிரி முயற்சிகள் இருக்கின்றன. மினியாபொலிஸ் லேக் தெருவில் 1999-இல் வியாபாரிகளே கூட்டுறவாகச் சேர்ந்து திறந்த மெர்காடோ சென்ட்ரால் சந்தை இன்றும் பேசப்படுகிறது. நியூயார்க் குயின்ஸில் 2008-இல், வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் வங்கி தொடங்கிய முகமது யூனுஸின் கிராமீன் அமெரிக்கா, ஐந்து பெண்கள் கொண்ட குழுக்களாகக் கடன் கொடுக்க ஆரம்பித்தது. மகளிர் சுயஉதவிக் குழுவைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பயன் இல்லாதவை எவை? மேடையேறி மூன்று நிமிடம் பேசிப் பரிசு வாங்கும் போட்டிகள். 'வெற்றி மனப்பான்மை' உரைகள். ஆங்கில வகுப்பை அப்படியே ஸ்பானிஷில் மாற்றி, பகல் பதினோரு மணிக்கு வைப்பது. அந்த நேரத்தில் யார் வர முடியும்? மாலையில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, சாப்பாடும் போட்டால் அறை நிரம்பும். நிதி கொடுப்பவர்கள் எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் கழித்து எத்தனை கடை திறந்திருக்கிறது என்று கேட்டால் பாதிப் பாடத்திட்டம் தானாக மாறும்.

பயிற்சியால் தீராத விஷயங்களும் இருக்கின்றன. லா கொசினா 2021-இல் சான் பிரான்சிஸ்கோவின் டென்டர்லாயின் பகுதியில் பெண் தொழில்முனைவோருக்காகத் திறந்த உணவுச் சந்தையை 2023-இல் பொதுமக்களுக்கு மூட வேண்டியதாயிற்று. அனுபவம் உள்ள அமைப்புக்கே அந்த நிலை. கடை வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1987-இலிருந்தே சட்டம். அதற்கு மேல், ஆவணமில்லாமல் குடியேறியவர்களின் பயம். 2025 ஏப்ரலில் ஐ.ஆர்.எஸ். வரி விவரங்களைக் குடியேற்றத் துறையோடு பகிர ஒப்பந்தம் போட்ட பிறகு, 'தாக்கல் செய்யலாமா வேண்டாமா' என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. குடியேற்ற வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுவேன். அந்த ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த குடியேற்றத் துறைச் சோதனைகளின்போது தெரு வியாபாரிகள் பலர் வண்டியையே வெளியே எடுக்கவில்லை.

கடைசியாக, இதைப் படிப்பவர்களில் கலிஃபோர்னியாவில் சின்னக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இருந்தால், அடுத்து சொல்லும் விதி உங்களுக்கும் பொருந்தும். 2025 ஜனவரியிலிருந்து, ஐந்து பேர் அல்லது அதற்கும் குறைவாக வேலை செய்யும் குறுந்தொழில்களுக்கும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் உணவகங்களுக்கும், மாதாமாதம் ஓடும் வாடகையை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் 90 நாள் முன்பே சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் தகுதியுள்ள வாடகைதாரர் என்று எழுத்து மூலம் கட்டட உரிமையாளருக்குத் தெரிவித்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு செல்லும். நாங்கள் ஸ்பானிஷில் வைத்திருக்கும் மாதிரிக் கடிதம் ஒரு பக்கம்கூட வராது. கணக்கு தெரிந்தவர்கள், ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும், வீட்டா மையங்களில் சேரலாம், ஐ.ஆர்.எஸ். இணையப் பயிற்சியும் தேர்வும் முடித்தால் போதும், பிப்ரவரியில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.