யாழ்ப்பாணம் சுற்றிப் பார்க்க வருகிறேன், போனிலேயே நல்ல படங்கள் எடுப்பது எப்படி?

போனை விட நேரம்தான் முக்கியம். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் எதில் எடுத்தாலும் முகத்தில் கறுப்பு நிழல் விழும், வானம் வெளிறிப்போகும், அதனால் காலை 8 மணிக்கு முன்னமோ பின்னேரம் 5 மணிக்குப் பிறகோ வெளிக்கிடுங்கள்.

பொது நூலகம் மாதிரி வெள்ளைக் கட்டிடம் என்றால் கமரா ஏமாந்து அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள், சரியாகும். பண்ணைக் கடற்கரையில் சூரியன் மறையும்போது இதற்கு நேர்மாறு, கீழே இழுத்தால்தான் வானத்தின் நிறம் நிற்கும், ஆட்கள் வெறும் நிழலுருவமாக வருவார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

சூம் வேண்டாம், நடந்து கிட்டப் போங்கள். நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். நெடுந்தீவுப் படகில் உப்புத்தண்ணீர் தெறிக்கும், லென்ஸ் துடைக்க மெல்லிய துணி ஒன்று கொண்டுபோங்கள்.