ஆவாரை வளர்ப்பு: சில கேள்விகள், பதில்கள்

ஐயா, ஆவாரை விதை போட்டு ஒரு மாதம் ஆகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டுப்போயிருக்குமா?

கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. மேல்தோல் கெட்டி, தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. கொதித்த நீரை இறக்கிச் சற்று ஆறவிட்டு, விதையைப் போட்டு இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை உடனே விதைத்துவிடலாம். அப்படியே கிடப்பவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊற வையுங்கள்.

தரிசில் நின்ற செடியைப் பெயர்த்து வந்து நட்டேன். இரண்டே நாளில் வாடிவிட்டது.

ஆவாரைக்கு ஆணிவேர் ஆழமாக ஓடும். நீங்கள் பெயர்த்தபோது பாதி வேர் அங்கேயே தங்கியிருக்கும். தானாக வளர்ந்த செடியை விட்டுவிட்டு நெற்றை மட்டும் பறித்து வாருங்கள். நேரே நிலத்தில் விதைப்பதே நல்லது. பையில் போட்டால் உயரமான பையாக எடுத்து, ஒரு சாண் வளர்வதற்குள் நட்டுவிடுங்கள்.

இலையெல்லாம் பச்சைப் புழு. எந்த மருந்து அடிக்கலாம்?

தயவுசெய்து எதுவும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட வேண்டாம். இளம் பச்சை கலந்த வெள்ளைச் சிறகோடு தோட்டத்தில் வேகமாகப் பறந்து போகும் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதன் புழுதான் இது. கொழுந்து இலையை உற்றுப் பாருங்கள். நட்டு வைத்த பொடி அரிசி போல வெள்ளையாக ஒரு முட்டை நிற்கும். ஆவாரை, கொன்றை மாதிரியான சில செடிகளின் இலைதான் இந்தப் புழுவுக்குத் தீனி. செடி மொட்டையானாலும் வேர் நன்றாக இருந்தால் மறுபடி துளிர்க்கும். இலையில் ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். பூச்சி வந்து குடியேற வேண்டும் என்றுதானே இதை நட்டோம்?

ஆவாரம்பூவில் தேன் கிடையாது என்கிறார்கள். அப்புறம் வண்டு எதற்கு வருகிறது?

மகரந்தத்துக்கு. மற்ற பல பூக்களைப் போல இதன் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிப்பதில்லை, நுனியில் சின்னத் துளை மட்டும் இருக்கும். கரிய, பெரிய தச்சுத் தேனீ வந்து அதைக் கட்டிப்பிடித்து, இறகை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் சட்டென்று கூர்மையாகும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் பீறிட்டு அதன் வயிற்றில் அப்பிக்கொள்ளும். காலை வெயில் ஏறும்போது செடி அருகில் பேசாமல் நின்றால் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நாற்று வாங்கினேன். ஆவாரைதான் என்று எப்படி உறுதிசெய்வது?

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல அகன்ற இலையடிச் செதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆவாரை. சீமை அகத்தியும் மஞ்சளாகத்தான் பூக்கும், ஆனால் அதன் பூங்கொத்து மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும். அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது.

தண்ணீர்?

முதல் வருடம் மட்டும், மண் காய்ந்த பிறகு. முழு வெயில் வேண்டும். வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும்.

எப்போது வெட்டலாம்?

ஒரு சுற்று பூத்து முடிந்ததும். புதுக் கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். வெட்டும் முன் இலைக்கு அடியில் கூட்டுப்புழு தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடுங்கள்.