எல்லாரும் கொண்டாடும் படம் எனக்கு ஏன் பிடிக்கவில்லை?

கே: 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) படத்தை நண்பர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். எனக்கோ இடைவேளைக்கு அப்புறம் தலைவலிதான் வந்தது. என் ரசனையில் கோளாறா? (வாசகர், தேனி)

ப: ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பொங்கலுக்கு முதல் ரிலீஸில் பார்த்த பலரும் உங்களைப் போலத்தான் முழித்தார்கள். முதல் பாதி கார்த்தியின் நக்கலோடு ஜாலியாகப் போகும். அப்புறம் திடீரென்று பசியில் வாடும் சோழர் கூட்டம், பழந்தமிழ் பேசும் பார்த்திபன், ரத்தம் என்று வந்து, யார் பக்கம் நிற்பது என்றே தெரியாமல் செல்வராகவன் நம்மை நட்டாற்றில் விட்டுவிடுவார். சிலருக்கு அந்தக் குழப்பம்தான் போதை, திரும்பத் திரும்பப் பார்த்துப் புது அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். தவிர, 'மாஸ்டர்பீஸ்' என்று காதில் ஓதி அனுப்பினால் எந்தப் படமும் கொஞ்சம் இளைத்துத்தான் தெரியும். நண்பர்கள் விடவில்லையென்றால், 'ஜி.வி. பிரகாஷ் இசை பிரமாதம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள், அது பொய்யும் இல்லை.