விடுவித்த வீரரின் தொகை ஊதிய வரம்பில் ஏன் தொடர்கிறது?

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து அணியான டென்வர் பிராங்கோஸ் 2024 மார்ச்சில் தன் வீரர் ரஸ்ஸல் வில்சனை விடுவித்த பின்னரும், அவர் பெயரில் ஏறத்தாழ 8.5 கோடி டாலர் ஊதிய வரம்பில் (ஓர் அணி ஓராண்டில் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத்தொகையில்) கழிக்கப்பட்டது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்த விளையாட்டின் தொழில்முறைத் தொடரான என்எஃப்எல்லில் பணம் கைமாறும் நாள் வேறு, அது வரம்புக் கணக்கில் ஏறும் ஆண்டு வேறு.

கையெழுத்திடும்போது வழங்கும் ஊக்கத்தொகையை ஒப்பந்தக் காலம் முழுவதற்கும், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு, சமமாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு 5 கோடி டாலர் கொடுத்தால் ஆண்டுக்கு 1 கோடிதான் வரம்பில் சேரும். ஆனால் இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் அந்த வீரரை நீக்கினால், மீதமுள்ள 3 கோடியும் அந்த ஒரே ஆண்டின் கணக்கில் வந்து விழும். ஜூன் 1-க்குப் பிந்தைய நீக்கமாக அறிவித்தால் மட்டும் அவ்வாண்டில் 1 கோடியும் மறு ஆண்டில் 2 கோடியுமாகப் பிரியும். டென்வர் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. 2024-க்கு ஏற்கெனவே உத்தரவாதம் அளித்திருந்த 3.9 கோடி டாலரும் சேர்ந்துகொண்டதால்தான் சுமை அவ்வளவு பெருத்தது.

ஆகவே, ஓர் அணியின் நிலையை அறிய ஆண்டுச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். இன்னும் கணக்கில் ஏறாத ஊக்கத்தொகை எவ்வளவு என்பதே, என் கருத்தில், முதலில் பார்க்க வேண்டியது.