வகுப்பில் காய்ச்சல் பரவினால் பள்ளியை மூட வேண்டுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, மகள் படிவம் ஒன்று. மகனுக்கு ஆஸ்துமா உண்டு. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். வயது 68, இனிப்புநீர் இருக்கிறது. போன வாரம் மகன் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு இன்ஃபுளுவென்சா. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் பள்ளியை உடனே மூடு என்கிறார்கள், மீதிப் பேர் மூடவே கூடாது என்கிறார்கள். கோவிட் சமயத்தில் மாதக்கணக்கில் மூடினார்களே, அது சரிதானா? இன்னொரு பெருந்தொற்று வந்தால் பள்ளி திறந்திருப்பது பாதுகாப்பா?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: முதலில் உங்கள் வீட்டு விஷயத்தைப் பார்ப்போம். மகன் இன்று நன்றாக இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் வகுப்பில் ஆறு பேருக்கு வந்திருப்பதால் அவனுக்கும் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இன்ஃபுளுவென்சா ஒட்டினால் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் காட்டிவிடும். ஆகவே இந்த வாரம் முழுக்கக் காலையில் அவன் எழுந்ததும் காய்ச்சல் பாருங்கள். காய்ச்சல் கண்டால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இருக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளை, அன்றைக்கே கிளினிக்குக் கொண்டு போங்கள். ஒசெல்டமிவிர் என்ற மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். தினமும் இழுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, இருமல் இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் இந்தக் காய்ச்சலைத் தாங்கும். கட்டுக்குள் இல்லாத பிள்ளைதான் இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் வந்து நிற்கும்.

சரி, இப்போது பெரிய கேள்விக்கு வருவோம்.

பள்ளி பாதுகாப்பா என்று மொத்தமாகக் கேட்டால் எந்த டாக்டராலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. என்ன நோய், எந்த வயதுப் பிள்ளை, வகுப்பறையில் காற்று எப்படி, அந்தப் பிள்ளை திரும்பிப் போகும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்ட பிறகுதான் சொல்ல முடியும். ஆனால் கோவிட் போன்ற ஒரு நோய் மறுபடியும் வந்தால் ஆரம்பப்பள்ளிகளைக் கடைசியாக மூட வேண்டும், முதலில் திறக்க வேண்டும் என்பது என் கருத்து. 2020-இல் நாம் செய்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பள்ளிகளை மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன். புதுக் கிருமி, ஒன்றும் தெரியாது. சளிக்காய்ச்சலைப் பிள்ளைகள்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்பது பழைய அனுபவம். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அந்த ஜூன் 24-இல் தேர்வு வகுப்புகள் முதலில் திறந்தன, ஜூலையில் மற்றவர்கள் போனார்கள். நவம்பர் 9-இல் நாடு முழுக்க மறுபடியும் மூடல். 2021 மார்ச்சில் ஆரம்பப்பள்ளிகள் திறந்தன, ஆண்டின் நடுவில் திரும்பவும் மூடின, அக்டோபர் 3-இலிருந்து கட்டம் கட்டமாக, சுழல்முறையில் திறந்தன. இதில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது, பேரங்காடியும் உணவகமும் திறந்திருந்த வாரங்களில்கூட ஏழு வயதுப் பிள்ளையின் வகுப்பறை பூட்டியிருந்ததுதான். பள்ளியை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலில் சுற்றியவர்களும் உண்டு.

அந்த நேரத்திலேயே வேறு வழியில் போன நாடு சுவீடன். 2020 மார்ச்சிலிருந்து ஜூன் வரை 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பள்ளிகளையும் பாலர் பள்ளிகளையும் அவர்கள் மூடவில்லை. அங்கே ஒன்றிலிருந்து 16 வயது வரை ஏறக்குறைய 20 லட்சம் பிள்ளைகள். அவர்களில் அந்த மாதங்களில் கோவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 15 பேர். ஒரு பிள்ளையும் கோவிட்டால் இறக்கவில்லை. பிள்ளைகளைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான செய்தி கிடைப்பது கடினம்.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு பாதி உண்டு. ‘பள்ளியைத் திற’ என்று கத்துகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. அதே சுவீடனில் மேல்வகுப்புகள் மட்டும் வீட்டிலிருந்து படித்தன. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருந்தது. பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திய கீழ் இடைநிலை ஆசிரியர்களுக்கு, வீட்டிலிருந்து நடத்திய மேல்நிலை ஆசிரியர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தொற்று. பள்ளிக்குப் போன பிள்ளைகளின் பெற்றோருக்கும் கொஞ்சம் கூடியது, ஆனால் சிறிய அளவில்தான். ஆக, கோவிட் காலத்துப் பள்ளியில் ஆபத்து யாருக்கு என்றால் முதலில் ஆசிரியருக்கு, அப்புறம் வீட்டில் இருக்கும் பெரியவருக்கு. 55 வயதில் இரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டுக்கொண்டு 35 பிள்ளைகள் முன் நிற்கும் டீச்சர் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொன்னால், அதைச் சோம்பேறித்தனம் என்று நாம் சொல்லக்கூடாது. 2021 அக்டோபரில் நம் பள்ளிகளைத் திறக்க முடிந்ததற்கு முக்கியமான காரணமே, அந்த நேரத்தில் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் தடுப்பூசி முழுமையாகப் போட்டு முடித்திருந்தார்கள் என்பதுதான். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கான ஊசி 2022 பிப்ரவரியில்தான் தொடங்கியது. சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி போடாமலேயே பள்ளி திறந்தோம். சுற்றியிருந்த பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது.

வகுப்பறைக் காற்று என்று சொன்னேனே, அதற்கு ஜெருசலேமில் ஒரு மேல்நிலைப்பள்ளியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் இஸ்ரேலில் பள்ளிகள் திறந்தன. இரண்டு மூன்று நாளில் கடுமையான வெயில் அலை. முகக்கவரி போட வேண்டாம் என்று மூன்று நாள் விலக்குக் கொடுத்தார்கள். வகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள், ஏர்கோன் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்றியது.

இந்தப் படத்தை நம் ஊரோடு வைத்துப் பாருங்கள். நம் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களில் ஏர்கோன் இல்லையே, பிள்ளைகள் வேர்த்துக் கொட்டுகிறார்களே என்று வருத்தப்படுகிறோம். கண்ணாடிப் பட்டைச் சன்னல் இரண்டு பக்கமும் திறந்து, கூரையில் மின்விசிறி சுற்றும் அந்த வகுப்பறை, காற்றில் பரவும் நோயைத் தடுக்க மிக நல்ல இடம். எனக்குப் பயம் கடைவீட்டு மாடியில் நடக்கும் டியூஷன் சென்டரைப் பார்த்துத்தான்: சன்னலை ஒட்டி மூடிவிட்டு, ஏர்கோனைப் போட்டு, இருபது பேரை நெருக்கி உட்கார வைத்து இரண்டு மணி நேரம் கணிதம். பள்ளி வேனும் அப்படித்தான். பள்ளியை மூடச் சொல்லும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் டியூஷனை நிறுத்தச் சொன்னவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

காற்று நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள சிறிய கருவி கிடைக்கிறது, கரியமில வாயுவை அளப்பது. வெளிக்காற்றில் ஏறக்குறைய 420 காட்டும். வகுப்பறையில் ஆயிரத்தைத் தாண்டினால் பிள்ளைகள் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்றை வாங்கி வகுப்பு வகுப்பாக எடுத்துப் போய்ப் பார்க்கலாம். புகைமூட்டக் காலத்தில் மட்டும் சிக்கல். சன்னலைத் திறந்தால் புகை, மூடினால் கிருமி. அந்த நாட்களுக்கு நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும், வேறு நல்ல வழி இல்லை. சிற்றுண்டிச்சாலையை மறந்துவிடாதீர்கள். முகக்கவரியைக் கழற்றி, எதிரெதிரே உட்கார்ந்து, கத்திப் பேசிக்கொண்டு சாப்பிடும் இடம் அது ஒன்றுதான். ஓய்வு நேரத்தைப் பிரித்து விட்டாலே பெரும்பகுதி கூட்டம் குறையும்.

மூடுவதற்கும் விலை உண்டு. 2020-இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. கருவி இருந்த வீடுகளிலும் பெரும்பாலும் அப்பாவின் கைப்பேசிதான். அவர் வேலை முடிந்து வந்தால்தான் பாடம். நெதர்லாந்தில் இணையத்துக்குக் குறைவே இல்லை, பள்ளியும் எட்டு வாரம்தான் மூடியிருந்தது. அங்கேயே பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்றது மிகக் குறைவு, அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகள்தான் அதிகம் பின்தங்கினார்கள் என்று ஆய்வு சொல்லியது. குறைந்த வருமானத்தவருக்கான பிபிஆர் அடுக்குமாடி வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியோடு எத்தனை மாதம் உட்கார்ந்திருந்தார்கள்! பள்ளியில் தரும் கூடுதல் உணவுத் திட்டத்துச் சாப்பாட்டையே நம்பியிருந்த பிள்ளைகளும் உண்டு. மூடியிருந்த காலத்தில் எடை ஏறி வந்தவர்களும் உண்டு, இளைத்து வந்தவர்களும் உண்டு. இதுவும் உடல்நலக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இவ்வளவும் கோவிட்டுக்கு. அடுத்த பெருந்தொற்று இன்ஃபுளுவென்சாவாக இருந்தால் என் பதில் மாறும். அந்தக் கிருமியைப் பரப்புவதில் பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். 2009-இல் எச்1என்1 இன்ஃபுளுவென்சா பரவியபோது பிரிட்டனில் கோடை விடுமுறை விட்டதும் தொற்று இறங்கியது, பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது. புதிய, கொடிய இன்ஃபுளுவென்சா வந்து தடுப்பூசி இன்னும் வராத நிலையில் சில வாரம் மூடச் சொன்னால் நானே ஆதரிப்பேன். அதற்கும் முடிவுத் தேதி வேண்டும்.

இப்போது உங்கள் மகன் வகுப்பில் இருப்பது அப்படிப்பட்டதல்ல, ஆண்டு முழுக்க நம் நாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் வழக்கமான இன்ஃபுளுவென்சாதான். 2025 அக்டோபரிலும் அலை அடித்தது. அப்போது சில பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டன. அந்த அளவுதான் சரி. ஒரு வகுப்பில் பாதிப் பேர் படுத்துவிட்டால் அந்த வகுப்பை சில நாள் வீட்டில் வைக்கலாம். ஆசிரியர்களும் படுத்துவிட்டால் பள்ளியையே மூட வேண்டி வரும், அதையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறு பேருக்காக முழுப் பள்ளியையும் மூடுவதில் பயன் இல்லை. மூடிய மறுநாள் அதே பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் சேர்ந்துதான் இருப்பார்கள்.

பள்ளியை மூடுவதைவிட அதிகம் உதவுவது எது தெரியுமா? காய்ச்சல் உள்ள பிள்ளையை அனுப்பாமல் இருப்பது. விடிகாலை ஐந்தரைக்குப் பராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கிய முகத்தோடு வேனில் ஏற்றிவிடுகிறார்கள். பத்து மணிக்கு மருந்து இறங்கும், பிள்ளை மேசையில் தலையைச் சாய்க்கும், அதற்குள் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொடுத்துவிடும். அந்த அம்மாக்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை; பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி விடுப்புக் கேட்டால் மேற்பார்வையாளர் முகம் மாறும். எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்று பிள்ளையின் பெயரில்தானே கிடைக்கிறது! பெருந்தொற்று பற்றிப் பேசும் பெரியவர்கள் இதைப் பேச வேண்டும். உங்களால் முடிந்தால், மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராத பிறகு அனுப்புங்கள். ஒருவர் வீட்டில் இருக்கும் நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது என்று இரண்டு மூன்று குடும்பங்கள் பேசி வைத்துக்கொள்ளலாம், ஆனால் காய்ச்சல் பிள்ளையை நல்ல பிள்ளையோடு சேர்க்காமல்.

இன்னொன்று. கோலாலம்பூரில் காய்ச்சல் என்றாலே இன்ஃபுளுவென்சா என்று முடிவு கட்டாதீர்கள். இருமல், மூக்கொழுகல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் மூன்றாவது நாளாக நின்றால் டெங்கிக்கு இரத்தம் பார்க்க வேண்டும். அது தெரியும் வரை ஐபுபுரோஃபன் வேண்டாம், பராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதுமே கூடாது. பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு இடையில் குழி விழுந்தாலோ, தண்ணீர் குடிக்க மறுத்துச் சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, ஒரு முறை விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினாலோ கிளினிக்கைத் தாண்டி நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் வீட்டில் நான் அதிகம் யோசிப்பது மகனைப் பற்றி அல்ல, மாமியாரைப் பற்றி. 68 வயது, இனிப்புநீர். இன்ஃபுளுவென்சா நிமோனியாவாக மாறும் ஆபத்து இப்படிப்பட்டவர்களுக்கு அதிகம். பள்ளி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை இன்ஃபுளுவென்சா ஊசி வேண்டும். நிமோனியா ஊசி பற்றியும் கேளுங்கள். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் மூத்தோருக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு, இல்லாவிட்டால் தனியாரிடம் போடலாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் காய்ச்சல்காரர் வேறு அறையில் படுக்கட்டும், வேறு அறை இல்லையென்றால் சன்னலைத் திறந்து வைத்து, காய்ச்சல்காரர் முகக்கவரி போட்டுக்கொள்ளட்டும். பாட்டியோடு ஒரே தட்டில் சாப்பிடும் செல்லத்தை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

மகனுக்கும் ஊசி போடுங்கள், ஆஸ்துமா இருப்பதால் இது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயது நிறையாத பிள்ளைக்கு முதல் தடவை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. பலர் ஒன்று போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். மகளுக்கு ஒன்று போதும்.