சான்று மரமும் மூங்கிலும் காசுக்குத் தகுமா? முதலில் பில்லைப் பாருங்கள்

குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே கட்டுகிறேன், சான்று பெற்ற மரமும் மூங்கில் மாதிரி சீக்கிரம் வளரும் பொருட்களும் போட்டு லீட் சான்றுக்கு (புள்ளிக் கணக்கில் கொடுக்கிற பசுமைக் கட்டடச் சான்று) போகலாமா, காசுக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆர்க்கிடெக்ட் பெங்களூர்க்காரராக இருப்பார், மரம் வாங்கும் வேலையை உள்ளூர் கான்ட்ராக்டர் தலையில் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கான்ட்ராக்டர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

2014ல் கோத்தகிரிக்கு மேலே ஒரு ரிசார்ட், பன்னிரண்டு அறை. ரிசப்ஷன் சுவரில் மாட்ட முதலாளிக்குப் பசுமைக் கட்டடச் சான்று வேண்டும். அப்போது நடப்பில் இருந்தது லீட் 2009 பதிப்பு. கட்டடத்தில் நிலையாகப் பொருத்தும் மரத்தின் செலவில் பாதிக்காவது எஃப்.எஸ்.சி சான்று (காட்டை அழிக்காமல் முறையாக வெட்டிய மரம் என்பதற்கான சான்று) இருந்தால் ஒரு புள்ளி. மூங்கில், கார்க், கம்பளி, லினோலியம் மாதிரி பத்து வருடத்துக்குள் அறுவடைக்கு வருகிற பொருட்கள் மொத்தப் பொருள் செலவில் 2.5 சதவீதம் இருந்தால் இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளி தானே, நான் வாங்கித் தருகிறேன் சார் என்று நானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு மரக்கடையில் வெளிநாட்டு பைன் கிடைத்தது. கட்டுக்குக் கட்டு எஃப்.எஸ்.சி முத்திரை. கன அடி விலை இங்கே கிடைக்கும் மரத்தைப் போல இரண்டு மடங்கு, இருந்தாலும் வாங்கினேன். முத்திரையை எல்லாம் போட்டோ எடுத்து ஃபைல் போட்டு வைத்தேன். நிலை, ஜன்னல் எல்லாம் முடிந்து பாலீஷும் அடித்த பிறகு, லீட் சான்று வேலையைப் பார்த்த கன்சல்டன்ட் பெண் போனில் கேட்டார்: "போட்டோ வேண்டாம் சார், பில் எங்கே?"

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. காட்டிலிருந்து அந்த மரம் யார் யார் கைக்கு மாறுகிறதோ, எனக்கு விற்கிற கடைக்காரர் வரைக்கும் அத்தனை பேரிடமும் சான்று இருக்க வேண்டும். வாங்கிப் பொருத்துகிற கான்ட்ராக்டருக்கு மட்டும் தேவையில்லை. இறக்குமதி செய்தவரிடம் இருந்தது, கடைக்காரரிடம் இல்லை. பில்லில் எந்தெந்த மரம் சான்று மரம் என்று வரி வரியாகப் பிரித்து, கடையின் சான்று எண்ணும் போட்டிருக்க வேண்டும். என் பில்லில் "பைன் சைஸ்" என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. மரம் அதே மரம்தான், ஆனால் புள்ளி போச்சு. கடைசி பில்லில் முதலாளி அதற்கு ஒரு தொகையைப் பிடித்தும் விட்டார்.

உடனே எஃப்.எஸ்.சி என்பதே ஏமாற்று என்கிறான் என்று கமெண்ட்டில் சண்டைக்கு வராதீர்கள். நடுவில் திருட்டு மரம் கலக்கக் கூடாது என்றால் அந்தச் சங்கிலி வேண்டியதுதான். அதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்து மூங்கில், டைனிங் ஹால் கூரைக்கு உள்பக்கம். மேட்டுப்பாளையத்தில் வாங்கினேன். அன்றைக்குச் சட்டப்படி மூங்கிலும் மரம்தான், லோடு ஏற்ற பெர்மிட் வேண்டும். புல் இனத்துச் செடிக்கு மரம் என்று பெர்மிட்! காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கிலை மத்திய அரசு தன் 1927ஆம் வருட வனச் சட்டத்திலிருந்து எடுத்ததே 2017 கடைசியில்தான். எங்கள் ஆசாரி ஒரு கழியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இளசு, மருந்துல ஊறப் போடாம ஏத்தாதீங்க" என்றார். மே சீசனுக்குத் திறக்க வேண்டும் என்ற அவசரத்தில் வார்னிஷ் மட்டும் அடித்து ஏற்றினோம். ஒரு வருடம் கூட ஆகவில்லை, உளுத்து மேலிருந்து மாவு கொட்ட ஆரம்பித்துவிட்டது, சாப்பிடுகிறவர் தட்டிலேயே. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. எல்லாவற்றையும் பிரித்தோம். மூன்று வருடத்துக்கு மேல் முற்றிய கழியாகப் பார்த்து வாங்கி, பள்ளம் தோண்டித் தார்ப்பாய் விரித்து, போராக்ஸும் போரிக் ஆசிடும் கரைத்த தண்ணீரில் இரண்டு வாரம் போட்டு மறுபடி ஏற்றினோம். செலவு என் கைக்காசு. அது இன்றைக்கும் நிற்கிறது.

நிஜமாகவே வயிறு எரிந்தது இன்னொரு விஷயத்தில். பின்பக்க அறைகளுக்கு என் மாமா தோட்டத்து சில்வர் ஓக் போட்டோம், தேயிலைக்கு நிழலுக்காக நட்டது. பட்டா நிலமாக இருந்தாலும் மலையில் மரம் வெட்ட அனுமதி வேண்டும், அதற்கு நடையாக நடந்து வாங்கிய மரம். மருந்தடித்துக் காயவைத்தால் உள்வேலைக்கு நன்றாகவே நிற்கும். ஆனால் சான்று மரக் கணக்கில் சேராது. உள்ளூர்ப் பொருள் என்ற தலைப்பில் சேர்க்கலாம் என்றார்கள். அந்த 2009 பதிப்பில் உள்ளூர் என்றால் 800 கிலோமீட்டர் வரைக்கும்! அந்தக் கணக்கில் ஹைதராபாத்தும் கோத்தகிரிக்கு உள்ளூர். இதில் வேடிக்கை, மாமா இலை போடுகிற ஃபேக்டரியின் தேயிலைக்குத் தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்று (சுற்றுச்சூழலைக் கெடுக்காத விவசாயம் என்பதற்கானது) உண்டு, அதே செடிக்கு நிழல் கொடுக்கிற மரத்துக்கு ஒன்றும் கிடையாது. சரி, அந்தத் தவளையால் மாமாவுக்குப் பச்சைத் தேயிலை கிலோவுக்கு ஒரு ரூபாயாவது கூடக் கிடைத்ததா? பறிக்கிற கூலிக்கும் உரத்துக்கும் கொடுத்தது போக மிச்சம் என்ன என்று எங்கள் ஊரில் எந்தச் சிறு விவசாயியை வேண்டுமானாலும் கேளுங்கள். டப்பாவில் படம் போட்டு விற்கிறவர் நன்றாகத்தான் இருக்கிறார். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, தெரியும். எழுத வந்ததும் கை தானாக அங்கே போகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீக்கிரம் வளரும் பொருளுக்கென்று தனிப் புள்ளி லீட் நான்காம் பதிப்பில் கிடையாது, அதை நம்பி வெளிநாட்டு கார்க் தரை போடாதீர்கள். மூங்கில் பிடித்திருந்தால் போடுங்கள், ஊறவைத்ததை மட்டும். வெளியூர் மரம் எவ்வளவு நன்றாகக் காய்ந்து வந்தாலும், ஐப்பசி மழையில் நம் ஊர் மூட்டத்தைக் குடித்து உப்பும், கதவுக்கு இடைவெளி கொஞ்சம் தாராளமாக விடச் சொல்லுங்கள். சான்று மரம்தான் வேண்டும் என்றால், கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் வேறொருவருக்கு அவர் போட்ட பழைய பில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துக்கொள்ளட்டும். அதில் அவர் கடையின் சான்று எண் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். "அதெல்லாம் அப்புறம் போட்டுத் தரேன் சார்" என்றால் டீயைக் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். நான் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.